கேள்வித்தாள் யாருடையது?

படப்பை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதிலைத் தனியாக அனுப்பாமல் இங்கேயே எழுதுகிறேன். உங்களைப் போல அகதிகள் ஆய்வு வேலைக்குக் கூப்பிடப்படும் பிள்ளைகள் தாம்பரத்தைச் சுற்றி இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களை அடையாளம் காட்டும் எதையும் சேர்க்கவில்லை.

மற்றவர்களுக்காக இரண்டு வரி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, வேறு சில நாடுகளின் கல்விநிலையங்களோடு சேர்ந்து, ஊரைவிட்டு ஓட நேர்ந்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வு நடத்துகிறது. தமிழ்நாட்டுப் பகுதிக்குக் களப்பணி உதவியாளராக உங்களை எடுத்திருக்கிறார்கள். முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் இருக்கும் ஓர் ஈழத்து அம்மாவிடம் முதல் நேர்காணல். பாதியிலேயே அவர், "போன வருசம் வந்த பிள்ளையளிட்டயும் இதைத்தான் சொன்னனான். அதுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டார். மேற்கொண்டு கேட்க உங்களுக்கு நா எழவில்லை. வேலையில் இருப்பதா, விட்டுவிடுவதா என்று கேட்கிறீர்கள். கூடவே, படப்பையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதில் என்ன தெரிந்துவிடப் போகிறது என்கிற தொனியில் ஒரு சின்னக் குத்தலும்.

இருங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த அம்மா சொன்னதைப் புலம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேள்வித்தாளில் உள்ள எதையும்விட நல்ல ஆய்வுக் கேள்வி அது.

குத்தலுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். படப்பையில் இருந்து வண்டலூர் போய்க் கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் அதன் மறுமுனையில் ரோஹிங்கியாக் குடும்பங்கள் இருக்கின்றன. மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் இருந்து தப்பி, வங்கதேசம் கடந்து, ரயிலேறிச் சென்னை வந்தவர்கள். 2012 வாக்கில் இருந்து அங்குள்ள புயல் பாதுகாப்புக் கட்டடத்தை அண்டி வாழ்கிறார்கள். பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி விற்பதுதான் பெரும்பாலோருக்குப் பிழைப்பு. கையில் இருப்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை ஒன்று. அங்கிருந்து வடக்கே இன்னும் கொஞ்சம் போனால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்: கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தும் நகரின் மற்ற மூலைகளில் இருந்தும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கப்பட்டவர்களின் அடுக்குமாடிகள். படப்பைக்கு மேற்கே, பரந்தூர் விமான நிலையத்துக்கு ஊரைத் தரமாட்டோம் என்று ஏகனாபுரத்துக்காரர்கள் 2022 முதல் போராடுகிறார்கள். உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்காக ஐ.நா. 1998இல் வகுத்த வழிகாட்டு நெறிகள், போர், கலவரத்தோடு பெரிய வளர்ச்சித் திட்டங்களால் ஊரை இழப்பவர்களையும் கணக்கில் எடுக்கின்றன. நீங்கள் படிக்கும் துறைக்குத் தேவையான அத்தனையும் ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறது. படப்பை அவ்வளவு மோசமான இடமில்லை.

இனி அந்த அம்மாவுக்கு வருவோம். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்கு நாற்பது வருடக் கதை இருக்கிறது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தொடங்கி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத் தமிழர்கள் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறார்கள். 1983, 1990, 1995 வாக்கில், கடைசியாக 2006க்குப் பிறகு என்று அலை அலையாக. 2021 ஆகஸ்டில் முதல்வர் சட்டமன்றத்தில் சொன்ன கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேர், முகாமுக்கு வெளியே காவல்துறையில் பதிந்துகொண்டு 34,087 பேர். அன்று 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதும், பணக்கொடையை உயர்த்துவதும் அதில் அடக்கம். பழைய பத்துக்குப் பத்து அறைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வீடுகளின் அருமை தெரியும். ஆனால் சட்டப்படி இவர்கள் யார் என்ற கேள்வி வீடு கட்டித் தீர்வதில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, 1967 நெறிமுறையிலும் இல்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமில்லை. 2025 செப்டம்பரில் வந்த ஆணை ஒன்று, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் இருப்பதற்கான தண்டனையில் இருந்து விலக்கியது. ஜெயிலுக்கு அனுப்ப மாட்டோம் என்பது வரைக்கும் வந்திருக்கிறோம். நீ இந்த நாட்டவர் என்பதற்கு இன்னும் வரவில்லை.

இப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் ஒருவருடைய வாழ்க்கையை நடத்துவது காகிதமும் அதிகாரியின் வாய்ச்சொல்லும்தான். அங்கே நோட்டுப் புத்தகத்தோடு யார் வந்தாலும் அவர் அதிகாரிதான். உங்கள் கேள்விகளை ஒரு முறை முகாம்வாசியின் காதால் கேட்டுப் பாருங்கள். வீட்டில் எத்தனை பேர்? எந்த வருடம், எந்தப் படகில் வந்தீர்கள்? வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள்? பணம் அனுப்புகிறார்களா? திரும்பிப் போக விருப்பமா? முகாமில் ஆள் சரிபார்க்கும் செக்கிங் நாளில் காவல்துறையின் க்யூ பிரிவுக்காரர் கேட்பதும் ஏறக்குறைய இவையே. பெயிண்டிங் வேலைக்கு வெளியூர் போனவர் அந்த நாளில் வரிசையில் இல்லையென்றால் பணக்கொடை நின்றுபோகும், சில வேளை பதிவே போகும் என்ற பயத்தில் வளர்ந்தவர்கள் இவர்கள். நீங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காகக் கேட்கிறீர்களா, கலெக்டர் ஆபீசுக்காகக் கேட்கிறீர்களா என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கையெழுத்துக்கும் ஒரு கதை உண்டு. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டின் முகம் மாறியது. 1992 தொடக்கத்தில் அகதிகளைத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. விரும்பித்தான் போகிறோம் என்று படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, கையெழுத்திட்டவர்களுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது என்று அப்போதே குற்றச்சாட்டு எழுந்தது, பழ. நெடுமாறன் சென்னை உயர் நீதிமன்றம் போனார். பிறகுதான் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் ஓர் அலுவலகம் வைத்து, போகிறவர்கள் விரும்பித்தான் போகிறார்களா என்று விசாரிக்க இந்திய அரசு ஒப்புக்கொண்டது. முகாம்களுக்குள் போக அதற்கும் தாராள அனுமதி கிடைக்கவில்லை. 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். அப்படி ஓர் அனுபவம் உள்ள குடும்பத்தின் முன்னால், உங்கள் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு தயாரித்த நான்கு பக்க ஆங்கிலச் சம்மதப் படிவத்தை நீட்டினால் என்ன ஆகும்? அது அவரைக் காப்பதற்காக எழுதப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு அது இன்னொரு படிவம். வாய்மொழிச் சம்மதம் போதும் என்று பெரும்பாலான நெறிமுறைக் குழுக்கள் காரணம் சொன்னால் ஒப்புக்கொள்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள். இது சின்ன விஷயம் இல்லை.

நேர்காணலில் ஒருவர் மாற்றிச் சொல்கிறார் என்று தோன்றினால் அவசரப்படாதீர்கள். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். மீனவர்கள் பார்த்துக் கரைசேர்த்தார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டபோது இந்தியாவில் இருந்து என்றார்கள். சில நாளில் உண்மை வெளியே வந்தது: மேற்கு ஜெர்மனியில் இருந்து ஏறிவந்தவர்கள். கனடாப் பத்திரிகைகள் பொய்யர்கள் என்று எழுதின. ஜெர்மனி என்று சொன்னால் ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அந்த ஒற்றைப் பொய்க்குள் இருந்தது. ஆனால் எதற்காக ஊரைவிட்டு ஓடினார்கள் என்பதில் பொய்யில்லை. கனடா அவர்களைத் தங்கவிட்டது. இன்று டொராண்டோவின் ஸ்கார்பரோவில் தமிழ் ஒரு தெரு மொழி. மலையகத்தில் வளர்ந்து அமெரிக்காவில் மானிடவியல் பேராசிரியரான வேலன்டைன் டானியல், நார்வேயின் கனுட்சென் என்பவரோடு சேர்ந்து 1995இல் ஒரு கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். அகதி யாரையும் நம்ப முடியாத நிலையில் இருக்கிறார், அவரையும் யாரும் நம்புவதில்லை என்பதுதான் அந்த நூலின் அடிச்சரடு. உங்கள் நூலகத்தில் இருந்தால் எடுத்துப் படியுங்கள்.

இப்போது கேள்வித்தாளுக்கு வருகிறேன். அகதிகள் ஆய்வு என்ற துறை அப்படியொன்றும் பழையதில்லை. பார்பரா ஹாரெல்-பாண்ட் ஆக்ஸ்போர்டில் அதற்கொரு மையம் தொடங்கியது 1982இல். டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் 1988இல் ஒரு மையம் வந்தது. இரண்டிடத்திலும் நல்லவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஹாரெல்-பாண்டின் 1986 நூல், உதவி செய்கிறோம் என்று வந்த நிறுவனங்கள் தெற்கு சூடானில் உகாண்டா அகதிகளை எப்படி நடத்தின என்பதைப் பற்றிய கறாரான விமர்சனம். இருந்தும் 1998இல் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பி.எஸ். சிம்னி ஒரு நீண்ட கட்டுரையில் கேட்டது அப்படியே நிற்கிறது. பனிப்போர் நடந்தவரை தப்பி வந்தவர்களை வரவேற்ற மேற்கு நாடுகள், ஆசிய ஆப்பிரிக்க நாடுகளில் இருந்து ஆட்கள் வரத் தொடங்கியதும் கதவைச் சாத்தின. ஆய்வும் அந்தக் கதவுக்கு ஏற்றபடி திரும்பியது. எங்கே தஞ்சம் தருவது என்ற பேச்சு போய், எப்படித் திருப்பி அனுப்புவது என்ற பேச்சு வந்தது. சுருக்கமாக அவர் வாதம் அதுதான்.

உலகத்து அகதிகளில் பெரும்பகுதியினர் இருப்பது பக்கத்து நாடுகளில், அதுவும் பணக்கார நாடுகள் அல்லாதவற்றில். அவர்களைப் பற்றிய ஆய்வுக்குப் பணம் வருவது வேறு நாடுகளில் இருந்து. பணம் வருகிற ஊரின் கவலைதான் கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் வந்து உட்காரும். இவர்கள் அடுத்து எங்கே கிளம்புவார்கள், எந்த வழியில் வருவார்கள் என்பது அந்த ஊரின் கவலை. என் மகள் பொறியியல் முடித்துவிட்டாள், பாஸ்போர்ட் இல்லாமல் எந்த கம்பெனி எடுக்கும் என்பது முகாமின் கவலை. இரண்டும் ஒரே தாளில் இடம் பிடிக்கலாம். முதலாவது மட்டும் இருந்தால் அது ஆய்வில்லை, வேவு.

இதை ஆய்வாளர்களில் பலரும் உணர்ந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கட்டாய இடப்பெயர்வு ஆய்வாளர்களின் உலகச் சங்கம் 2013 ஜனவரியில் தன் மாநாட்டைக் கொல்கத்தாவில் கூட்டியது. ரணபீர் சமாதாரும் அவர் தோழர்களும் வளர்த்த கல்கத்தா ஆய்வுக் குழுதான் அழைத்து நடத்தியது. அந்தக் குழு இடம்பெயர்வு பற்றி வருடாவருடம் நடத்தும் பயிற்சிக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். அதே உலகச் சங்கம் 2018இல் ஆய்வு நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. ஒட்டாவாவில் ஜேம்ஸ் மில்னர் நடத்தும் ஒரு கூட்டமைப்பு, கென்யா, தான்சானியா, லெபனான், ஜோர்தான் ஆய்வாளர்களே எதை ஆராய்வது என்று தீர்மானிக்கட்டும் என்று முயல்கிறது. எந்த அளவுக்கு நடக்கிறது என்பது வேறு, திசை சரி.

ஆனால் எனக்கு இவர்களைவிட இலங்கையின் இரண்டு பேர் முக்கியமாகப் படுகிறார்கள்.

அக்டோபர் 30 என்ற தேதியைக் கவனித்திருக்கிறீர்களா? 1964 அக்டோபர் 30, மலையகத் தமிழர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 1995 அக்டோபர் 30, போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்தின் வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தார்கள். நடுவில் 1990 அக்டோபர் 30: யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரம் கொடுத்து வெளியேறச் சொன்ன நாள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். தமிழர்களாகிய நாம் பேச விரும்பாத நாள் அது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்த எஸ்.எச். ஹஸ்புல்லா மன்னார் எருக்கலம்பிட்டிக்காரர். அவருடைய ஊரும் அந்த மாதம் வெறிச்சோடிப்போனது. யார் எதை விட்டுவிட்டு வந்தார், எத்தனை வீடு, எத்தனை ஏக்கர், எந்தப் பள்ளிவாசல் என்று அவர் கணக்கெடுத்தார். வெளியில் இருந்து ஒருவர் வந்திருந்தால் முகாமில் உணவு கிடைக்கிறதா என்று கேட்டிருப்பார். ஹஸ்புல்லா நிலத்தைக் கேட்டார், ஏனென்றால் ஒரு நாள் திரும்பிப் போனால் அந்தக் கணக்கு வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். வெளிநாட்டு ஆய்வாளர்கள் புத்தளத்துக்கு வந்தபோது அவர்களோடும் சேர்ந்து வேலை செய்தார். ஆனால் தன் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு. அவர் 2018இல் காலமானார்.

இன்னொருவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போர் மனதைச் சிதைக்கிறது என்று உலகம் ஒத்துக்கொண்டபோது அதை அளக்க வந்த கேள்விப் பட்டியல்கள் தனிமனிதரைத்தான் விசாரித்தன: உனக்குத் தூக்கம் வருகிறதா, உனக்குக் கெட்ட கனவு வருகிறதா. அவர் பார்த்த நோயாளிகள் தனியாக வரவில்லை. குடும்பமாக, தெருவாக, ஊராக உடைந்திருந்தார்கள். அயலவர் அயலவரை நம்புவதை விட்டிருந்தார். கூட்டு மனவடு என்று அதைச் சர்வதேச ஆய்விதழில் 2007இல் எழுதினார். ரஜனி திராணகம உள்ளிட்ட நால்வர் எழுதிய முறிந்த பனை நூலின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். ரஜனி 1989 செப்டம்பரில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். களத்துக்குள் இருந்தபடி ஆய்வு செய்வதற்கு அங்கே கொடுத்த விலை அது. இங்கே நமக்கு அந்த ஆபத்து இல்லை, அந்தச் சாக்கும் இல்லை.

"அப்படியானால் வெளிநாட்டுக்காரர் எதற்கு, நாமே செய்துகொள்ளலாமே" என்று உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராமேசுவரத்தில் இறங்கும் அகதிகளை முதலில் கொண்டுபோகும் முகாம் அது. வெள்ளைக்காரன் காலத்தில் அதே மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு தடுப்பு முகாம் நடத்தியது. தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலிகளை அங்கே சில நாள் வைத்து, அம்மை, காலரா இல்லை என்று பார்த்துத்தான் கப்பலில் ஏற்றினார்கள். அப்படிப் போன ஒருவரின் குடும்பம் இலங்கையின் 1948 சட்டத்தால் குடியுரிமையை இழந்தது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் பங்கு போட்டது. 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் ஓடினார்கள். அங்கிருந்து போர் விரட்ட, பேரப்பிள்ளைகள் மறுபடி மண்டபம் வந்து சேர்ந்தார்கள். தாத்தா போன வாசலிலேயே பேரன் அகதியாக வந்தான். தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் இப்படிப்பட்ட மலையக வம்சாவளியினர் இருபத்தெட்டாயிரத்துக்கும் மேல் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வி. சூரியநாராயண் இதை விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

இந்தக் குடும்பத்தின் காகிதங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கொள்ளுத்தாத்தாவின் ஊர் திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ ஒரு கிராமக் கணக்கில். தாத்தாவின் விண்ணப்பம் கண்டியில் இந்திய உதவித் தூதரகம் வைத்திருந்த கோப்புகளில். அப்பாவின் பிறப்பு நுவரெலியா மாவட்டப் பதிவில். பிள்ளைகளின் பிறப்பு முகாமுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில். சித்தப்பா பாரிஸ் லா சப்பேலில் கடை வைத்திருக்கிறார். அவருடைய தஞ்ச விண்ணப்பக் கோப்பில் குடும்ப வரலாறு முழுவதும் பிரெஞ்சில் தட்டச்சாகி இருக்கும். ஒரு நாட்டு ஆய்வாளரால் இதைக் கூட்டிச் சேர்க்க முடியாது. பல நாட்டுக் கூட்டாய்வுக்கு நான் காணும் நியாயம் இதுதான்: சிதறிப்போனது மனிதர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய சாட்சியங்களும்.

அந்தச் சாட்சியங்களுக்கு என்ன பலம் என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையைப் பாருங்கள். 2019 ஜூனில் மலையக வம்சாவளி முகாம்வாசிகள் 65 பேரின் வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், குடியுரிமை கேட்டு அவர்கள் தரும் விண்ணப்பங்களை ஒன்றிய அரசு பரிசீலிக்க வேண்டும், அவர்களின் வேர் இந்தியாவில் இருப்பதை மனதில் கொள்ள வேண்டும் என்றார். இன்னொன்று. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன் என்பது சட்டம். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு 2022இல் பாஸ்போர்ட்டுக்கு உயர் நீதிமன்ற உத்தரவு வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். பிறந்ததில் இருந்து அவரிடம் இருந்த உரிமை அது. அதை அவரிடம் சொல்ல முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் ஆனது. எத்தனை ஆய்வாளர்கள் முகாம் முகாமாக ஏறி இறங்கினார்கள்! எத்தனை பேர், "நீங்கள் பிறந்த தேதி என்ன, சான்று இருக்கிறதா" என்று கேட்டார்கள்?

கேட்டவர்கள் அகதிகள்தான். ஈழத் தமிழர் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளையே பணியாளர்களாக வைத்து, பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றும் இலங்கைக் குடியுரிமைப் பதிவும் வாங்கித் தருவதைப் பெரிய வேலையாகச் செய்தது. முனைவர் பட்டத்துக்கு ஆகாத வேலை.

ஆகவே உங்கள் கேள்வித்தாளில் ஒரு பக்கத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். அதை நிரப்புவது நீங்கள் சந்திக்கும் குடும்பங்களாக இருக்கட்டும். திட்டத் தலைவர் மறுத்தால், மாதிரி நேர்காணல்களில் கிடைத்த அனுபவம் என்று எழுதிக் காட்டுங்கள். நல்ல ஆய்வாளர் அதைக் கேட்பார். கேட்காதவரோடு இரண்டு வருடம் ஓட்டுவது கடினம். போன வருடம் வந்த "பிள்ளையள்" யார், அவர்கள் எழுதியது எங்கே வெளியானது என்று தேடிக் கண்டுபிடித்து, நான்கு பக்கமாகத் தமிழில் எழுதி அந்த அம்மாவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். அவர் தப்பு என்று சொல்கிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் அத்தியாயம் அங்கிருந்து தொடங்கும்.

பதிவு செய்யும் செல்போனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஓர் அறிக்கை வெளியிட்டது. வங்கதேச முகாம்களில் ரோஹிங்கியாக்களிடம் ஐ.நா. அகதிகள் ஆணையம் திரட்டிய விவரங்களை வங்கதேச அரசு மியான்மருக்குக் கொடுத்துவிட்டது, பலரிடம் இதற்குச் சரியான சம்மதம் வாங்கவில்லை என்பது அதன் குற்றச்சாட்டு. ஆணையம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்று இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எந்த அரசிடம் இருந்து தப்பி ஓடினார்களோ அந்த அரசின் மேசைக்கே பெயர்ப் பட்டியல் போய்ச் சேர முடியும் என்பது நமக்குப் போதும். கேளம்பாக்கத்தில் இருப்பவர்களின் சொந்தக்காரர்கள் அந்தப் பட்டியலில் இருக்கக்கூடும். நீங்கள் எடுக்கும் ஒலிப்பதிவு எந்த நாட்டுச் சர்வரில் கிடக்கும், யார் திறக்கலாம், எப்போது அழிப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வீட்டு வாசலைப் படம் எடுக்காதீர்கள். செல்போன் படத்தில் இடக்குறிப்பு தானாகவே பதிவாகிவிடும். பெயரை மாற்றிவிட்டேன் என்று நிம்மதியடையாதீர்கள்; "அந்த முகாமில் இரண்டு மகன்களை இழந்த டெய்லர் அம்மா" என்று எழுதினால் முகாமே அடையாளம் சொல்லிவிடும்.

முகாமுக்குள் போகிற நேர்காணல்களுக்கு மறுவாழ்வுத் துறை ஆணையரகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், மாவட்ட நிர்வாகத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பையன் கேட்டைத் திறந்துவிடுவான் என்று போகாதீர்கள். நீங்கள் மாட்டினால் ஒரு மணி நேரம் விசாரித்து அனுப்பிவிடுவார்கள். உங்களுக்குத் தேநீர் கொடுத்த வீட்டுக்காரரை விசாரிப்பது அப்படி முடியாது.

சம்பளத்தைப் பற்றிக் கூச்சத்தோடு கேட்டிருந்தீர்கள். கூச்சம் வேண்டாம். நாள் கணக்கில் கூலி தந்து, முகாம் பேச்சுத் தமிழை நீங்கள் ஆங்கிலத்துக்கு மாற்றித் தந்த பிறகு, கட்டுரையின் அடிக்குறிப்பில் பெயரில்லாமல் நன்றி சொல்வது இந்தத் துறையில் சாதாரணமாக நடக்கிறது. நேர்காணலும் மொழிபெயர்ப்பும் உங்களுடையது என்றால் கட்டுரையில் ஆசிரியராக உங்கள் பெயரும் வர வேண்டும். தொடங்கும்போதே கேளுங்கள், முடிந்த பிறகு கேட்டால் சண்டையாகிவிடும். முகாமில் இருந்தே ஒரு படித்த பெண்ணைத் துணைக்கு எடுக்கச் சொல்லுங்கள். அங்கே பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை, அவர்களுக்குத்தான் வேலை இல்லை. அவருக்கும் உங்களுக்குத் தரும் அதே தொகை. பல்கலைக்கழகத்தின் பட்ஜெட்டில் இடமில்லை என்பார்கள். விமான டிக்கெட் வரியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
படப்பையில் இருந்து